தையல் டேப்பில் கிடைத்த அளவு: மைட்ரல் வால்வு மாற்று அறுவையில் நுரையீரல் காப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

சேலத்தில் நான் மயக்கவியல் மருத்துவராகப் பணியாற்றும் இதய அறுவை அரங்கில், ஏற்காடு மலையிலுள்ள காப்பித் தோட்டமொன்றில் பழம் பறிக்கும் வேலை செய்துவந்த 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு மைட்ரல் வால்வு மாற்று அறுவை செய்யப்பட்டது. இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு அது. அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன்; அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியோ விலக்கியோ இருக்கிறேன். அறுவையில் புதுமை எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் இதய அறுவை நடக்கும் எந்த ஊரிலும் ருமாட்டிக் காய்ச்சலால் கெட்டுப்போன மைட்ரல் வால்வு வழக்கமாகப் பார்க்கும் நோய்தான். செயற்கைச் சுவாசக் கருவியில் நாங்கள் வைத்த முதல் எண் தவறாக இருந்தது, அது தவறு என்பதே நோயாளியின் மதிப்பீட்டு அட்டையைப் பார்த்தபோது எங்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் இந்த நிகழ்வைப் பதிவு செய்யத் தூண்டியது.

நோயாளி

மூன்று ஆண்டுகளாக அவருக்கு மேடேறினால் மூச்சு வாங்கியது. கடைசி ஆறு மாதத்தில் சமதளத்தில் நடந்தாலும் வாங்கியது. இரவில் இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்க முடிந்தது. சிறு வயதில் மூட்டு வலியோடு காய்ச்சல் வந்து கிடந்ததை அவருடைய அக்கா நினைவுகூர்ந்தார். முப்பது ஆண்டுகளாக விறகடுப்பில் சமைத்தவர். புகைப்பழக்கம் இல்லை.

எக்கோ பரிசோதனையில் மைட்ரல் வால்வின் திறப்பு 0.8 சதுர செ.மீ. என்று தெரிந்தது, இயல்பில் அது 4 முதல் 6 சதுர செ.மீ. வரை இருக்கும். வால்வில் சுண்ணாம்பு படிந்திருந்ததோடு மிதமான கசிவும் இருந்ததால் பலூன் வைத்து விரிக்கும் சிகிச்சைக்கு இடமில்லை. நுரையீரல் தமனியின் சிஸ்டாலிக் அழுத்தம் 62 மி.மீ. பாதரசம். வலது கீழறை சற்று விரிந்திருந்தது; வலப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள டிரைகஸ்பிட் வால்விலும் கசிவு இருந்தது. ஈ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு. சேலத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது அவருடைய ஆக்சிஜன் செறிவு 94 சதவீதம். எடை 61 கிலோ என்று அட்டையில் எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் உயரத்துக்கான கட்டம் காலியாக இருந்தது.

அரங்கில் முதல் அரை மணி நேரம்

மயக்கம் கொடுத்து 7 எண் குழாய் செலுத்தியதும், என்னோடு இருந்த இளம் மருத்துவர் கருவியில் மூச்சளவை, அதாவது ஒவ்வொரு மூச்சிலும் செலுத்தும் காற்றின் அளவை, 450 மி.லி. என்றும், சுவாச வேகத்தை நிமிடத்துக்கு 12 என்றும் வைத்தார். கிலோவுக்கு 7 முதல் 8 மி.லி. என்று கணக்கிட்டதாகச் சொன்னார். நானும் தலையசைத்தேன். கிலோவுக்கு 8 மி.லி.யைத் தாண்டக் கூடாது என்ற விதி எங்கள் இருவர் மனத்திலும் இருந்தது. அதைக் கடைப்பிடித்துவிட்டதாகவே நினைத்தோம்.

உள்மூச்சின் முடிவில் நொடிப்பொழுது நிறுத்திப் பார்த்தபோது, காற்றோட்டம் நின்ற நிலையிலுள்ள பிளாட்டோ அழுத்தம் 27 செ.மீ. நீர் என்று காட்டியது. பீப் எனப்படும் வெளிமூச்சு முடிவு அழுத்தம் 5 ஆக இருந்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான் டிரைவிங் பிரஷர் என்கிறோம். ஒவ்வொரு மூச்சும் நுரையீரலை எவ்வளவு இழுத்து விரிக்கிறது என்பதற்கு அது ஓரளவு நேரடியான அளவு. இங்கே அது 22. மார்பு இன்னும் திறக்கப்படவில்லை, மைட்ரல் நோயால் நுரையீரல் நீர் கோத்து விறைத்திருக்கும் என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த 22 என்னை உறுத்தியது.

பச்சைத் துணி விரிப்பதற்கு முன் செவிலியர் ஒருவரிடம் தையல் டேப் கேட்டேன். டிரெஸ்ஸிங் டிராலியின் கீழ்த்தட்டில் மஞ்சள் நிற டேப் ஒன்று சுருட்டிக் கிடந்தது. உச்சந்தலையில் நான் பிடித்துக்கொள்ள, குதிகாலில் அவர் பிடித்தார். நூற்றைம்பது செ.மீ. டேப்பில் நான்கு செ.மீ. மிச்சம் இருந்தது. அந்தப் பெண்மணியின் உயரம் 146 செ.மீ.

இந்த நிகழ்வின் மையமே அந்த நான்கு செ.மீ. மிச்சம்தான் என்பதால் கணக்கைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நுரையீரலின் கொள்ளளவு உயரத்தையும் பாலினத்தையும் பொறுத்தது. உடல் எடையைப் பொறுத்ததல்ல. ஒருவர் பத்து கிலோ கூடினால் வயிற்றில் கூடும், இடுப்பில் கூடும். நுரையீரலில் ஒரு காற்றுப்பைகூட அதிகமாகாது. அதனால்தான் மூச்சளவைக் கணக்கிடக் கணிப்பு எடை என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறோம். பெண்களுக்கு, உயரத்திலிருந்து 152.4 செ.மீ.யைக் கழித்து, மீதியை 0.91 ஆல் பெருக்கி, அதை 45.5 உடன் கூட்ட வேண்டும், ஆண்களுக்கு 45.5 என்பதற்குப் பதிலாக 50. இவருடைய உயரம் 152.4க்கும் கீழே என்பதால் கூட்டல் கழித்தலாக மாறி, விடை 39.7 கிலோ என்று வந்தது. ஆக, நாங்கள் வைத்திருந்த 450 மி.லி., கிலோவுக்கு 11.3 மி.லி. ஆகும்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த, தீவிர நுரையீரல் பாதிப்புக்கு உள்ளான 861 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில், கிலோவுக்கு 12 மி.லி. மூச்சு பெற்றவர்களில் 39.8 சதவீதத்தினரும், 6 மி.லி. பெற்றவர்களில் 31 சதவீதத்தினரும் இறந்தனர். அந்த ஆய்வில் தீங்கு விளைவித்த பக்கத்துக்கு மிக அருகில், எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நினைப்போடு, நாங்கள் நின்றிருந்தோம். அந்த நோயாளிகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் கருவியில் இருந்தவர்கள், இவர் சில மணி நேரமே இருக்கப்போகிறவர் என்பது உண்மைதான். ஆனால் இதய அறுவைக்கு வரும் நுரையீரல் அடுத்தடுத்து வேறு அடிகளையும் வாங்கப்போகிறது.

அந்த அடிகள் எவை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பம்புக்குப் போனதும், அதாவது இதய-நுரையீரல் இயந்திரம் இரத்த ஓட்டத்தை ஏற்றுக்கொண்டதும், நுரையீரல் தமனியில் ஓட்டம் நின்றுவிடுகிறது. மூச்சுக்குழல் தமனிகள் வழியாக வரும் சிறு ஓட்டம் மட்டுமே நுரையீரல் திசுவுக்கு உணவு. இரத்தம் பிளாஸ்டிக் குழாய்களிலும் ஆக்சிஜனேட்டரிலும் பட்டு ஓடுவதால் அழற்சி வினைகள் கிளம்பி, வெள்ளணுக்கள் நுரையீரல் நுண்குழாய்களில் போய்த் தங்குகின்றன. காற்று நின்ற காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை விரித்து வைத்திருக்கும் சர்ஃபாக்டன்ட்டும் குறைகிறது. பெருந்தமனியில் போட்ட கவ்வியை எடுத்து இரத்தம் மீண்டும் பாயும்போது, பட்டினி கிடந்த திசுவுக்கு அந்தப் பாய்ச்சலே ஒரு காயம். இத்தனைக்கும் நடுவில் மூச்சளவும் கூடுதலாக இருந்தால், ஒட்டிக் கிடக்கும் பகுதிக்குப் போகாத காற்று முழுவதும் திறந்திருக்கும் கொஞ்சப் பகுதிக்குள் போய் அதை மட்டும் ஊதிப் பெருக்கும்.

குறைத்ததால் வந்த சிக்கல்

மூச்சளவைக் கிலோவுக்கு 7 மி.லி. என்ற கணக்கில் 280 ஆக்கினோம். வேகத்தை 14 ஆகவும் பீப்பை 6 ஆகவும் வைத்தோம். பிளாட்டோ அழுத்தம் 20 ஆக இறங்கியது. டிரைவிங் பிரஷர் 14. ஆக்சிஜன் விகிதத்தை 50 சதவீதமாகக் குறைத்தோம். முழு ஆக்சிஜன் கொடுத்தால், காற்றுப்பையைத் தாங்கிநிற்க வேண்டிய நைட்ரஜன் வெளியேறி, ஆக்சிஜன் இரத்தத்துக்குள் உறிஞ்சப்பட்டதும் பை சுருங்கிப்போகும் என்பதால் இந்தக் குறைப்பு.

இருபது நிமிடம் கழித்து எடுத்த தமனி இரத்தப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு 53 மி.மீ., பி.எச். 7.29 என்று வந்தது. நுரையீரல் தமனியில் வைத்திருந்த கதீட்டர், அங்கே சிஸ்டாலிக் அழுத்தம் 62லிருந்து 74க்கு ஏறியதைக் காட்டியது. வேறு நோயாளியாக இருந்தால் 53ஐப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நுரையீரல் பாதிப்பு நோயாளிகளில் அந்த அளவை நாங்கள் வேண்டுமென்றே அனுமதிப்பதுண்டு. ஆனால் கார்பன் டை ஆக்சைடும் அமிலத்தன்மையும் கூடினால் நுரையீரல் இரத்தக் குழாய்கள் இறுகும். ஏற்கெனவே மேட்டில் வண்டி இழுத்துக்கொண்டிருக்கும் வலது கீழறைக்கு அது கூடுதல் சுமை. நுரையீரலைக் காக்கப் போய் வலது கீழறையைத் தளரவிட்டால் பம்பிலிருந்து வெளியே வருவதே கடினமாகிவிடும். நுரையீரல் காப்பைப் பற்றிப் பேசும்போது போதிய அளவு பேசப்படாத இடம் இது என்பது என் கருத்து. மைட்ரல் நோயாளிகள் இவ்வளவு பேர் வரும் நம் ஊர்களில் இதைத்தான் முதலில் பேச வேண்டும்.

உடனே மூச்சளவைத் திரும்ப ஏற்றிவிட மனம் போகும். அப்படிச் செய்யவில்லை. குழாய்க்கும் கருவிக்கும் இடையில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று பார்த்தோம். வளையும் நீட்டிப்புக் குழாய் ஒன்றும், பெரிய உடலுக்கான ஈரப்பத வடிகட்டி ஒன்றும் இருந்தன. நோயாளி வெளிவிடும் காற்று இவற்றில் தங்கி, அடுத்த மூச்சில் அவருக்கே திரும்பிப் போகும். 500 மி.லி. மூச்சில் இது பெரிதாகத் தெரியாது, 280 மி.லி. மூச்சில் ஒவ்வொரு மி.லி.யும் கணக்கில் வரும். நீட்டிப்புக் குழாயை எடுத்துவிட்டுச் சிறிய வடிகட்டியை மாட்டியதில் 30 மி.லி.க்கு மேல் மிச்சமானது. ஒரு மூச்சில் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகம் அது. வேகத்தை 16 ஆக்கினோம். விறகுப் புகையில் இருந்த நுரையீரல் என்பதால், வெளிமூச்சு முழுவதும் முடிவதற்குள் அடுத்த மூச்சு விழுகிறதா என்று ஓட்ட வரைகோட்டைக் கவனித்தோம். கோடு ஒவ்வொரு முறையும் அடித்தளத்தைத் தொட்டது. அடுத்த பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு 40. நுரையீரல் தமனி அழுத்தம் 63.

பம்பில் இருந்தபோது

பம்பில் இருந்த நேரம் 118 நிமிடம், பெருந்தமனியில் கவ்வி இருந்த நேரம் 84 நிமிடம். உடல் வெப்பநிலை 32 டிகிரிக்கு இறக்கப்பட்டது. 27 மி.மீ. உலோக வால்வு பொருத்தப்பட்டு, டிரைகஸ்பிட் வால்வும் வளையமிட்டுச் சீர்செய்யப்பட்டது.

பம்பில் இருக்கும்போது நுரையீரலை என்ன செய்வது என்பது பழைய விவாதம். சிலர் குழாயைக் கருவியிலிருந்து கழற்றி விட்டுவிடுவார்கள். சிலர் 5 செ.மீ. அழுத்தத்தில் விரித்து வைப்பார்கள்; இன்னும் சிலர் கிலோவுக்கு 2, 3 மி.லி. அளவில் சிறு மூச்சுகள் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பிரான்சிலும் இத்தாலியிலும் கடந்த சில ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வுகள் இந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தன. பிரெஞ்சு ஆய்வுகளில் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 1,500 நோயாளிகள் இருந்தனர். பம்பில் இருக்கும் நேரத்து மூச்சு மட்டும் அறுவைக்குப் பிந்தைய நுரையீரல் சிக்கல்களைத் தெளிவாகக் குறைக்கிறது என்று அவை காட்டவில்லை. அந்த முடிவை நான் ஏற்கிறேன். அதனால் அறுவை மருத்துவருக்கு இடைஞ்சல் தராத வழியைத் தேர்ந்தோம். இடது மேலறையைத் திறந்து வேலை செய்யும்போது நுரையீரல் ஏறி இறங்கினால் அவர் கண்ணுக்கு முன்னால் இரத்தம் வந்து நிற்கும். 5 செ.மீ. அழுத்தத்தில், குறைந்த ஆக்சிஜனில், அசையாமல் விட்டோம். அதைப் பெரிய பாதுகாப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

பம்பை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட் செய்ததை நுரையீரலுக்குச் செய்த நன்மையாகவே எண்ணுகிறேன். வடிகட்டல் மூலம் 1,200 மி.லி. நீரை அவர் பம்பிலேயே வெளியேற்றினார். அதனால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் செறிவு கூடி, ஒரு யூனிட் இரத்தம் ஏற்றுவதும் தவிர்க்கப்பட்டது. மைட்ரல் நோயாளியின் நுரையீரலில் ஏற்கெனவே இருக்கும் நீரோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்தால், எந்த மூச்சளவும் அதைச் சரிக்கட்டாது.

திறந்த மார்புக்குள் பார்த்தது

கவ்வி எடுத்து இதயம் துடிக்கத் தொடங்கியதும் நுரையீரலைச் சூழ்ந்த உறையான பிளூரா வலப்பக்கம் சற்றுத் திறந்திருந்த இடத்தில் நுரையீரலின் கீழ்மடல் தெரிந்தது. மேல்பகுதி வெளிறிய இளஞ்சிவப்பு. கீழே, முதுகுப் பக்கமாக, கல்லீரல் நிறத்தில் கருஞ்சிவப்பான ஒரு திட்டு, காற்று இல்லாமல் தட்டையாக ஒட்டிக் கிடந்தது. இடப்பக்கத்தில் இதயத்துக்குப் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இதய அறுவையில் பெரும்பாலும் சுருங்கிப்போவது அந்த இடது கீழ்மடல்தான்.

கையால் பையை அழுத்தி நுரையீரலை விரிப்பது பழைய வழக்கம். என் ஆசிரியர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கையில் எவ்வளவு அழுத்தம் போகிறது என்று கைக்குத் தெரியாது என்பது அதன் குறை. பையை விட்டுக் கருவிக்கு மாற்றும் நொடியில் விரிந்தது மறுபடி சுருங்கிவிடுவது இன்னொரு குறை. நாங்கள் கருவியிலேயே படிப்படியாகப் பீப்பை 5லிருந்து 10க்கும், பிறகு 15க்கும் ஏற்றினோம். உச்ச அழுத்தம் 30ஐத் தாண்டவில்லை. ஒவ்வொரு படியிலும் சில மூச்சுகள் நின்றோம்.

இதைச் செய்த நேரம் முக்கியமானது. மார்புக்குள் அழுத்தம் கூடினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும், வலது கீழறைக்குச் சுமை ஏறும்; பம்பிலிருந்து முழுவதும் வெளியே வந்தபின் செய்திருந்தால் இந்த நோயாளியின் இரத்த அழுத்தம் சரிந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பம்ப் பாதி ஓட்டத்தில் உடலைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே செய்தோம். இதயத்திலிருந்து காற்றை வெளியேற்ற எப்படியும் நுரையீரலை விரிக்க வேண்டியிருந்தது. நுரையீரல் சிரைகளில் தங்கிய காற்று அப்போது இடது அறைகளுக்கு வந்து, அங்கிருந்து வெளியேறும். இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் முடிந்தது. கருஞ்சிவப்புத் திட்டு ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாக மாறியதை அறுவை மருத்துவரும் நானும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது படியில் அது முழுவதும் நிறம் மாறியது. டிரைவிங் பிரஷர் 17லிருந்து 12க்கு இறங்கியது. பீப்பை 8இல் நிறுத்தினோம்.

பீப்பை ஏன் 12இல் நிறுத்தவில்லை என்று கேட்கலாம். வயிற்று அறுவை நோயாளிகள் 900 பேரிடம் உயர்ந்த பீப்பைச் சோதித்த, 2014இல் வெளிவந்த ஆய்வு, அதனால் நுரையீரல் சிக்கல் குறையவில்லை, இரத்த அழுத்தம் மட்டும் அதிகம் குறைந்தது என்று காட்டியது. பீப் எவ்வளவு என்று கேட்பதைவிட, எந்தப் பீப்பில் டிரைவிங் பிரஷர் மிகக் குறைவாக இருக்கிறது என்று கேட்பதே பயனுள்ளது. இதய அறுவை நோயாளிகள் 4,694 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் அமெரிக்காவில் வெளிவந்த கட்டுரையும், காப்பு முறையின் கூறுகளில் டிரைவிங் பிரஷர் 16க்குக் கீழ் இருந்ததையே குறைந்த நுரையீரல் சிக்கல்களோடு தொடர்புபடுத்தியது. அது பின்னோக்கிப் பார்த்த ஆய்வு, காரணத்தை நிறுவவில்லை. ஆனாலும் மேசையருகே நிற்பவருக்கு அது பிடித்துக்கொள்ளக்கூடிய ஓர் எண்.

பம்புக்காகக் கொடுத்த ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமினை மிக மெதுவாகக் கொடுத்தோம். நுரையீரல் தமனி அழுத்தத்தை அது திடீரென ஏற்றிவிடக்கூடும். இதயத்துக்கு வலுவூட்டும் மில்ரினோன் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் 50 சதவீத ஆக்சிஜனில் தமனி ஆக்சிஜன் 172 மி.மீ. இருந்தது.

அரங்கிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வழியில் அரங்கில் சம்பாதித்ததைத் தொலைத்துவிடுவது வழக்கமாக நடப்பதுதான். கருவியைக் கழற்றி, கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் ஆம்பு பையை மாட்டும் சில நொடிகளில் பீப் போய்விடும். விரிந்த மடல் சுருங்கிவிடும். பீப் வால்வு பொருத்திய பையைத் தயாராக வைத்து, குழாயைக் கவ்வியால் பிடித்தபடி மாற்றினோம். அங்கேயும் 280 மி.லி. என்று எழுதிய சீட்டைக் கருவியின் மேல் ஒட்டினோம். இல்லையென்றால் படுக்கையில் இருக்கும் உருவத்தைப் பார்த்து யாராவது மறுபடி 450 வைத்துவிடுவார்கள்.

அதன் பின்

எட்டு மணி நேரத்தில் குழாய் எடுக்கப்பட்டது. இரண்டாம் நாள் மார்பு எக்ஸ்ரேயில் இடது கீழ்ப்பகுதியில் நிழல் இருந்தது, இடது உதரவிதானம் சற்று உயர்ந்திருந்தது. நாங்கள் செய்த எதுவும் அதை முற்றிலும் தடுக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். இரவில் முகமூடி வழியாக அழுத்தக் காற்றும், பகலில் உட்கார வைத்து மூச்சுப் பயிற்சியும் தொடங்கினோம்.

மூன்று பந்து கொண்ட ஸ்பைரோமீட்டரைக் கையில் கொடுத்ததும் அவர் முழு மூச்சையும் அதற்குள் ஊதினார். பந்து ஒன்றும் அசையவில்லை. ஏறக்குறைய எல்லா நோயாளிகளும் இதைத்தான் செய்கிறார்கள். ஊதினால் சுருங்கிய மடல் இன்னும் சுருங்கத்தான் செய்யும். “அம்மா, ஊதாதீங்க. ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கிற மாதிரி உறிஞ்சுங்க” என்று செவிலியர் சொன்னார். மறுமுறை முதல் பந்து ஏறி நின்றது. மூன்றாம் நாள் மாலை இரண்டு பந்து. மார்பெலும்பு வலிக்கு மருந்தை நேரம் தவறாமல் கொடுத்ததால்தான் அவரால் அப்படி இழுக்க முடிந்தது. ஐந்தாம் நாள் எக்ஸ்ரேயில் நிழல் பாதியாகக் குறைந்திருந்தது.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது வேறொரு கேள்வி எழுந்தது. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனதும் காற்றழுத்தம் குறைவதால், மூச்சுக்குழலுக்குள் வரும் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் சேலத்தில் ஏறத்தாழ 144 மி.மீ. என்றால் அங்கே 123 மி.மீ. அளவுதான் இருக்கும். நல்ல நுரையீரலுக்கு இது ஒரு பொருட்டல்ல. ஒரு மடல் பாதி சுருங்கி, உதரவிதானம் சோர்ந்து, நுரையீரல் தமனி அழுத்தம் இன்னும் முழுவதும் இறங்காத ஒருவருக்கு அந்த 20 மி.மீ. சிறிதல்ல. மலையடிவாரத்தில் அவருடைய தங்கை வீடு இருந்தது. இரண்டு வாரம் அங்கேயே தங்கச் சொன்னோம். இரத்தம் உறையாமைக்கான மருந்தின் அளவைச் சரிபார்க்க ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு வந்துபோகவும் அது வசதியாக இருந்தது. ஆறு நிமிட நடைக்குப் பிறகு செறிவு 95க்குக் கீழே போகவில்லை என்று பார்த்தபின்தான் மேலே போக அனுமதித்தோம்.

ஆறாவது வாரம் மலையிலிருந்து பேருந்தில் வந்திருந்தார். ஒரே தலையணை வைத்துப் படுப்பதாகச் சொன்னார். செறிவு 97, எக்கோவில் நுரையீரல் தமனி அழுத்தம் 41. எக்ஸ்ரேயில் நிழல் இல்லை, ஆனால் இடது உதரவிதானம் இன்னும் ஒரு விலா இடைவெளி அளவுக்கு உயர்ந்தே இருந்தது. உதரவிதானத்தை இயக்கும் ஃபிரெனிக் நரம்பு குளிரிலோ இழுப்பிலோ சோர்ந்திருக்கலாம். அது தானாக மீள மாதங்கள் ஆகும். மூன்று மாதம் கழித்துத் திரையில் உதரவிதானத்தின் அசைவைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறோம். எங்கள் அறுவை முன்-மதிப்பீட்டு அட்டையில் உயரக் கட்டம் காலியாக இருந்தால் நோயாளியை அரங்குக்கு அழைப்பதில்லை என்று இப்போது முடிவு செய்திருக்கிறோம். மஞ்சள் டேப் மயக்கவியல் டிராலியின் மேல்தட்டுக்கு வந்துவிட்டது.